கை நம்முடையது, படம் யாருடையது?

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, நாம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால் அலம்பிவிட்டு, காப்பியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். வாசலில் செருப்புச் சப்தம் கேட்டது. வந்தவர் திருமுல்லைவாயிலில் வசிக்கும் ஓர் அம்மாள். அவருடைய புதல்வன் நம்மிடம் கணக்குப் படித்தவன். மகனுடைய மார்க்கைப் பற்றித்தான் வந்திருக்கிறார் போலும் என்று எண்ணி, அதற்கு வேண்டிய சமாதானங்களை மனத்திற்குள் தயார் செய்துகொண்டோம். ஆனால் அவர் வந்த காரியம் வேறு.

"ஸார், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று செல்போனை நீட்டினார்.

பார்த்தோம். மெழுகிய வாசலில் ஒரு கை புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை, கை மாத்திரந்தான். பின்னணியில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"அழகான கோலம்" என்றோம்.

"கோலம் கிடக்கட்டும் ஸார், கையைப் பாருங்கள். அது என் கை!"

நமக்குச் சிறிது திகைப்பாயிருந்தது. "நீங்கள் வலது கையால் அல்லவா கோலம் போடுவீர்கள்? இது இடது கையாயிற்றே!" என்று கேட்டோம்.

"அதுதான் ஸார் அநியாயம்! போன வருஷம் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து வலது மணிக்கட்டில் தழும்பு விழுந்தது. இதோ பாருங்கள். படத்திலே அந்தத் தழும்பு இடது கைக்குப் போய்விட்டது!"

விஷயம் இப்போது விளங்கிற்று. அந்த அம்மாள் இரண்டு வருஷமாகத் தம் வாசலில் போடும் கோலங்களைத் தாமே செல்போனில் படம் பிடித்து, "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு வளையுங்கள்" என்று தம் குரலிலேயே விளக்கமும் சொல்லி, இணையத்தில் வெளியிட்டு வருகிறார். எவனோ ஒருவன் அந்தப் படத்தை எடுத்து, குரலை அழித்து, சினிமாப் பாட்டை ஏற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் புரட்டி, தன் பேரில் வெளியிட்டிருக்கிறான். இப்படிப் புரட்டுவது இந்தத் தொழிலில் பழக்கமான தந்திரம். ஒரே படம் இரண்டு முறை ஏறுகிறதா என்று ஒத்துப் பார்க்கும் யந்திரங்கள் தளங்களில் உண்டு. படத்தைப் புரட்டினாலோ, ஓரத்தை வெட்டினாலோ, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலோ அந்த யந்திரங்கள் சில சமயம் ஏமாந்துவிடுகின்றன. ஆனால் தன் கையைத் தானே அறிந்த ஸ்திரீயை ஏமாற்ற முடியுமா?

"இதற்கெல்லாம் ஒரு பூட்டு கிடையாதா ஸார்? யாரும் காப்பி எடுக்க முடியாதபடி?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வியை அநேக குடும்பங்களில் கேட்டிருக்கிறோம். கலியாணப் படத்தை வைத்திருக்கிறவர்கள் கேட்கிறார்கள். குழந்தையின் முதல் நடையைப் படம் பிடித்தவர்கள் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே பாட்டும் தையலும் கற்றுக் கொடுக்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆகவே பூட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கோடிக் கணக்கில் பணம் படைத்த சினிமாக் கம்பெனிகள் நாற்பது வருஷமாக இந்தப் பூட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. வீடியோ காஸெட் காலத்தில், அதாவது 1980-களின் மத்தியில், மாக்ரோவிஷன் என்று ஒன்று வந்தது. ஒரு காஸெட்டிலிருந்து இன்னொரு காஸெட்டில் நகல் எடுத்தால், படம் ஒரு கணம் பளிச்சென்று வெளுக்கும். மறு கணம் இருண்டு போகும். சிறிது காலத்திற்குள் அந்தத் தொல்லையை நீக்கித் தரும் சின்னப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கலாயின. பிறகு டிவிடி தட்டுகள் வந்தன. 1996-ல் அவற்றுக்கு ஸி.எஸ்.எஸ். என்னும் இரகசியக் குறியீட்டுப் பூட்டுப் போட்டார்கள். மூன்றே வருஷம். 1999-ல் நார்வே தேசத்தில் யோன் லெக் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையன், முகம் தெரியாத இன்னும் இருவருடன் சேர்ந்து, அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியை உலகத்துக்கே கொடுத்துவிட்டான். அவன் மேல் வழக்குப் போட்டார்கள். தான் விலை கொடுத்து வாங்கிய தட்டைத் தன் கம்ப்யூட்டரில் பார்க்க விரும்பியது குற்றமாகாது என்று 2003-ல் நார்வே நீதிமன்றங்கள் அவனை விடுதலை செய்தன. நம் பத்தாம் வகுப்பு மாணாக்கர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பையனின் நினைவு நமக்கு வருவதுண்டு. இவர்களிடம் எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் சனி, ஞாயிறுக்குள் திறந்துவிடுவார்கள்!

கடையில் வாங்கும் வெற்றுத் தட்டில் வீட்டிலிருந்தபடியே அந்தப் பூட்டைப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. சாவி இருக்க வேண்டிய இடத்தை வெற்றுத் தட்டுகளில் முன்னரே அடைத்துத்தான் விற்றார்கள். நகர்ப்புறத்து ஸ்டூடியோக்கள் சில, "காப்பி எடுக்க முடியாத டிவிடி" என்று சொல்லிக் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொண்டதுண்டு. அந்தக் காசு போனது போனதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய எதையும் காமிராவாலும் பார்க்கலாம். எவ்வளவு பலமான பூட்டுப் போட்டாலும், பார்க்கிறவனுக்காகப் படம் திரையில் திறந்துதானே ஆகவேண்டும்? திறந்த படத்துக்கு எதிரே இன்னொரு செல்போனை நிறுத்தினால் வேலை முடிந்தது. 2021-ல் வாட்ஸப்பில் ஒரே ஒரு தடவை பார்த்தவுடன் மறைந்துவிடும்படி படம் அனுப்பும் வசதி வந்தது. நல்ல வசதிதான். ஆனால் பெறுகிறவரிடம் பக்கத்தில் இன்னொரு செல்போன் இருந்தால் அந்த மறைவுக்கு அர்த்தமில்லை.

"அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லையா?" என்றார் அந்த அம்மாள். காப்பி வந்தது. அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, நிலத்தை உதாரணமாக வைத்து விஷயத்தை ஆரம்பித்தோம். நிலத்தைப் பற்றிச் சொன்னால் நமது பக்கத்து ஜனங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரைக் கிரவுண்டு மனை வாங்குகிறவர் முதலில் என்ன செய்கிறார்? மதில் எழுப்ப ஆள் தேடுகிறாரா? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப் பத்திரம் எங்கே என்று கேட்கிறார். பட்டாவைத் தம் பேருக்கு மாற்றிக்கொள்ள நடையாய் நடக்கிறார். ஏரிக்கரை ஓரங்களில் ஒரே மனையை மூன்று பேருக்கு விற்ற கதைகளை அவர் கேட்டிருக்கிறார். மதிலை எவனும் ஏறிக் குதிப்பான். பத்திரம் இருந்தால் குதித்தவனை வெளியே போகச் சொல்லலாம். நம் வீட்டுப் படங்களுக்கும் இதுவே நியாயம். நாம் எல்லோரும் மதிலைப் பற்றி விசாரிக்கிறோம்; பத்திரத்தைப் பற்றி விசாரிக்கிறவர் இல்லை.

பத்திரம் எங்கே கிடைக்கும்? வேடிக்கை என்னவென்றால், படம் எடுத்த க்ஷணத்திலேயே பாத்தியதை பிறந்துவிடுகிறது. 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் சட்டம், எந்த யந்திரத்தினால் எடுத்த அசையும் படமானாலும் அதைச் சினிமாப் படம் என்றே கொள்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணுக்குக் கோடம்பாக்கத்தில் கோடி செலவில் எடுத்த படமும், கொரட்டூரில் ஒரு பாட்டி வடகம் பிழிவதை எடுத்த படமும் ஒரே ஜாதி. படத்தை வெளியிட்ட மறு வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷத்துக்கு உரிமை நிற்கும். பதிவு செய்துதான் தீரவேண்டும் என்பதில்லை. பதிவு செய்துகொள்ள விரும்பினால் டில்லியிலுள்ள காப்பிரைட் ஆபீஸுக்கு விண்ணப்பம் அனுப்பலாம். சினிமாப் படத்துக்கு 2013-ஆம் வருஷத்து விதிகளின்படி கட்டணம் 5,000 ரூபாய். நாள்தோறும் ஒரு கோலப் படம் எடுக்கிறவர் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் கட்டினால், அப்புறம் கோலமாவு வாங்கக் காசிராது.

யாருக்கு உரிமை என்பதில்தான் குடும்பக் கலகத்துக்கு இடமிருக்கிறது. படத்தை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர் எவரோ அவரே தயாரிப்பாளர். அவருக்கே உரிமை என்கிறது சட்டம். பாட்டி வடகம் பிழிகிறாள், பேரன் செல்போனைப் பிடிக்கிறான், மருமகள் "இப்படித் திரும்பி உட்காருங்கள்" என்று உத்தரவிடுகிறாள், செல்போன் மாமாவினுடையது. உரிமை யாருக்கு? செல்போனின் சொந்தக்காரருக்கு என்று மாமா சொன்னால் நம்ப வேண்டாம். காரியத்தை ஏற்று நடத்தியவர் மருமகள் என்றால், மருமகளுக்குத்தான். வீட்டில் சண்டை வராதிருக்க, ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்வது நலம்.

கலியாணப் படத்தின் சமாசாரம் இதைவிட முக்கியமானது, அநேகருக்குத் தெரியாதது. கூலி கொடுத்து ஒருவரைக் கொண்டு போட்டோவோ படமோ எடுக்கச் சொன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமைக்காரர் என்று அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லுகிறது. எனவே உங்கள் பெண்ணின் முகூர்த்தப் படத்தை ஸ்டூடியோக்காரர் உங்களைக் கேளாமல் தம் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். முன்பணம் கொடுத்தபோது ஒரு ரசீது கொடுத்தார்களே, அதன் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் பொடி எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா? அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோமானால் குற்றம் நம்முடையதே.

நம்முடையது எது என்று சொன்னால், நம்முடையதல்லாதது எது என்றும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மாளிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த புள்ளிக் கோலம் அவருடைய சொத்தன்று. அது ஊருடைய சொத்து. இன்னொருவர் அதே கோலத்தைத் தம் வாசலில் தம் கையால் போட்டுத் தாமே படம் எடுத்தால் நாம் வாய் திறக்க முடியாது. வத்தக் குழம்பின் பக்குவத்துக்கும் அப்படியே. அந்த அம்மாளுடைய படம், அந்த அம்மாளுடைய குரல், அவர் விளக்கிச் சொன்ன முறை, இவையே அவருடையவை. அதிலும் முதலில் வெளியிட்ட சில படங்களில் அவரே பின்னணிக்குச் சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். "அது எல்லோரும் போடுவதுதானே ஸார்" என்றார். எல்லோரும் போடுவதுதான், ஆனால் அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. கலியாண வீட்டில் பாட்டுப் போடுவதற்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது என்பது உண்மை. அது கலியாணம் நடக்கிற இடத்தில் பாடுவதற்கும் இசைப்பதற்குந்தான். அதே பாட்டைப் படத்தில் ஒட்டி உலகமெல்லாம் பரப்புவது வேறு காரியம். திருடனைப் பிடிக்கப் போகிறவர் தம் மடியில் பிறர் பொருளை வைத்துக்கொண்டு போகலாகாது.

தமிழ்நாட்டில் இந்த "யாருடையது" என்ற கேள்வி ஒரு முறை தேசத்தையே கலக்கியிருக்கிறது. பாரதியார் 1921-ல் காலமானார். பிற்காலத்தில் அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1948-ல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டை எடுத்தாளவே, தகராறு கோர்ட்டு வரையில் போயிற்று. ஒரு தேசிய கவியின் பாட்டைப் பாட ஒரு கம்பெனியின் அநுமதி வேண்டுமா என்று ஜனங்கள் கொதித்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமைகளை ஏற்றுக்கொண்டது. அப்புறம் பாரதி பாடல்கள் பொதுஜனச் சொத்தாயின. ஒரு மகாகவியின் பாட்டுப் பொதுவாகிவிட்டதென்று, உயிரோடிருக்கும் ஓர் அம்மாளுடைய குரலை அழித்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொள்ள எவனுக்கும் உரிமை வந்துவிடாது. முன்னதில் ஜனங்கள் பெற்றார்கள். பின்னதில் ஒருவன் பறித்தான்.

பத்திரத்துக்குத் திரும்புவோம். உரிமை தானாகப் பிறக்கிறது என்றோமே, அதை நிரூபிப்பது தானாக நடக்காது. இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்கள் அடைத்துக் கிடந்தன. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தகப்பனார்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். வருமானம் நின்று போயிருந்தது. பிள்ளைகளாவது பாடத்தை மறக்காதிருக்கட்டும் என்று, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, இருபடிச் சமன்பாடுகளை நடத்திப் படம் எடுத்தோம். மின்சார ரயில்கள் ஓடாத காலமாதலால் நம் குரல் தெளிவாகவே விழுந்தது. அடுத்த வீட்டுக் குக்கர் மாத்திரம் இடையிடையே ஊதியது. பதினொரு பாடங்கள் எடுத்து இணையத்தில் போட்டோம். பிறகு செல்போனில் இடம் போதவில்லை என்று, கொஞ்சமும் யோசியாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்!

மறு வருஷம் ஒரு பழைய மாணவன் செய்தி அனுப்பினான். ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் படங்களில் நம் முதுகு தெரிகிறதாம். (கரும்பலகையில் எழுதும் உபாத்தியாயருக்கு முதுகுதானே முகம்?) போய்ப் பார்த்தால் நம் முதுகுதான். கரும்பலகையின் மேல் ஓரத்தை வெட்டியிருந்தார்கள். கீழே தங்கள் நிலையத்தின் பெயரைப் பட்டையாகப் போட்டிருந்தார்கள். கோலத்தைப் புரட்டியது போல் இதைப் புரட்ட முடியவில்லை. புரட்டினால் எழுத்துக்கள் தலைகீழாகிக் குட்டு வெளிப்பட்டுவிடும். நிலையத்துக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினோம். "அது எங்கள் ஆசிரியர் எடுத்த பாடம்; உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று பதில் வந்தது. நாம் போட்ட படமும் அவர்கள் போட்ட படமும் இணையத்தில் அருகருகே இருக்கின்றன. நம்முடையதே முந்தியது என்று தேதி காட்டுகிறதே என்றோம். "தேதி இருந்தால் ஆயிற்றா? எங்களிடமிருந்து நீங்கள் வாங்கியிருக்கலாம்" என்றார்கள். இருபது வருஷம் வகுப்பில் நின்று பேசிய நமக்கு அன்று பேச்சு எழவில்லை.

நம்மைக் காப்பாற்றியவள் நமது மூத்த குமாரி. நாம் அழிக்கும் முன்பே, கம்ப்யூட்டருக்கான தனிப் பெட்டி ஒன்றில் அவள் அசல் படங்களை மாற்றி வைத்திருந்தாள். அந்த அசலைப் போட்டுப் பார்த்ததும் நமக்கே ஆச்சரியமாயிருந்தது. நாம் வெளியிட்டதை விட அது நீளம். தொடக்கத்தில் நாம் சுண்ணாம்புக் கட்டியைத் தேடுவதும், "தொடங்கலாமா?" என்று மாடிப்படிப் பக்கம் பார்த்துக் கேட்பதும், பாதியில் தும்முவதும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கரும்பலகையின் மேல் ஓரம் முழுமையாக இருந்தது. பள்ளிக்கூடத்து வழக்கப்படி, கை தானாகவே அங்கே எழுதியிருக்கிறது: தேதி, வகுப்பு, பாடம். வருகைப் பதிவுக்குக் கூட இடம் விட்டிருக்கிறோம். மொட்டை மாடியில் வருகை ஏது? அந்த ஓரத்தைத்தான் அவர்கள் வெட்டினார்கள். வெட்டியவனிடம் வெட்டுண்ட பாகம் இராது அல்லவா? அசலில் அந்த ஒரு காட்சியை நிழற்படமாக எடுத்து அனுப்பினோம். மறுநாள் நம் முதுகு அவர்கள் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது. வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் வரவில்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. சில வாரங்கள் கழித்துப் பட்டாபிராமிலிருந்து ஒரு பையன், எப்படியோ நம் நம்பரைப் பிடித்து, "அந்தச் சமன்பாட்டுப் பாடத்தைக் காணோமே ஸார்" என்று கேட்டான். அவன் திருட்டுப் பிரதியில்தான் பாடம் கற்றிருக்கிறான்; நம்முடைய பக்கத்தை அவன் கண்டதே இல்லை. திருடன் நம்மைவிட அதிகமான பிள்ளைகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்று இரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பையனுக்கு நம் பக்கத்தின் முகவரியை அனுப்பிவிட்டோம்.

ஆகவே கோலக்கார அம்மாளிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "அசல் இருக்கிறதா?" என்பதுதான். இருந்தது. பழைய செல்போனைத் தூக்கிப் போடாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் எடுத்தபடியே, வெட்டாமல், ஒட்டாமல், முழுப் படங்களும் இருந்தன. புள்ளி தவறி அழித்துவிட்டு மறுபடி வைத்தது, தெரு நாய் வந்து மாவை மோந்து பார்த்தது, எல்லாம். அசல் படத்தோடு அதை எடுத்த தேதியும் நேரமும் கூடவே பதிந்திருக்கும். வாட்ஸப் வழியாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு இந்தக் குறிப்புகளும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எனவே வாட்ஸப்பில் கிடக்கிறதே என்று நம்பி அசலை அழிப்பது, ஜெராக்ஸ் இருக்கிறதே என்று மூலப் பத்திரத்தை அடுப்பில் போடுவது போலாகும். அசலை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே, உறவினரிடம், இருக்கட்டும். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். எடுத்ததில் எப்போதும் கொஞ்சம் வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் ஒருவரிடம் மாத்திரமே இருக்கிற அந்தப் பாகம் பேசும்.

பிறகு மனு எழுத உட்கார்ந்தோம். எல்லாப் பெரிய தளங்களிலும் இதற்கென்று ஒரு படிவம் உண்டு. யூடியூப்பில் பெரிய கம்பெனிகளுக்கு 2007 முதல் தானாகவே ஒத்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. சாமானியருக்கு இந்தப் படிவந்தான் வழி. நம் படத்தின் முகவரி, திருட்டுப் படத்தின் முகவரி, இரண்டும் எந்த நிமிஷத்தில் ஒத்திருக்கின்றன என்ற விவரம், மனுதாரரின் உண்மைப் பெயர், இவ்வளவும் வேண்டும். மனுதாரர் பெயர் எதிராளிக்குத் தெரிய வரக்கூடும். தனியே வசிக்கும் ஸ்திரீகள் இதை யோசித்து, வேண்டுமானால் ஒரு வக்கீல் மூலமாக அனுப்பலாம். மனு அனுப்புவதற்கு முன்னால் திருட்டுப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அகற்றிய பிறகு அது கிடைக்காது. கோபத்தில் பின்னூட்டம் எழுதித் திட்டுவது வீண்; அவன் உஷாராகிவிடுவான்.

சட்டமும் பின்னால் நிற்கிறது. உரிமைக்காரர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், தளத்தார் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படம் கிடைக்காதபடி செய்ய வேண்டும். 21 நாள் வரையில் அதை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் கோர்ட்டு உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். எதிராளி எங்கேயோ வடதேசத்தில் இருந்தாலும் நாம் அங்கே ரயிலேறிப் போகவேண்டியதில்லை. நாம் வசிக்கும் இடத்துக்குரிய ஜில்லா நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். இது எளியவர்களுக்கு இந்தச் சட்டம் செய்த பெரிய உபகாரம் என்பது நமது அபிப்பிராயம். தெரிந்தே திருடினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்திலேயே வீடியோத் திருடர்களைச் சேர்த்தார்கள். அது புதுப் படங்களைக் காப்பாற்றச் சினிமா உலகத்தார் வேண்டிப் பெற்றது. கோலப் படத்துக்காக எவனையும் குண்டர் சட்டத்தில் போடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்க வேண்டாம். பொய்ப் புகார் கொடுத்து மிரட்டினால், மிரட்டப்பட்டவரும் நம்மேல் வழக்குப் போடலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டும் படம், பிரசவ அறைப் படம், படுக்கை அறைப் படம் இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. இவை போனால் போனவைதான். இவற்றைக் காப்பாற்ற ஒரே வழி அனுப்பாதிருப்பது. மீறிப் போய்விட்டால் அது காப்பிரைட் விஷயமன்று, மானத்தின் விஷயம். 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி போலீஸுக்குப் போக வேண்டியது. 2022 முதல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். சொந்தக்காரர்களுக்கு மாத்திரம் காட்ட விரும்பும் சாதாரணப் படங்களை, முகவரி தெரிந்த எவரும் பார்க்கக்கூடிய விதத்தில் போடாமல், பெயர் சொல்லி அழைத்தவர்கள் மாத்திரம் பார்க்கும்படி போடலாம். "பட்டியலில் வராதது" என்பதும் "அந்தரங்கமானது" என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட நம் மைத்துனரின் சஷ்டியப்தபூர்த்திப் படத்தை அவருடைய ஆபீஸ் முழுவதும் பார்த்துவிட்டது!

அம்மாளுடைய மனுவுக்கு மூன்றாம் நாளே பலன் கிடைத்தது. திருட்டுப் படம் போயிற்று. எதிராளி மறுப்பு எழுதவில்லை. இரண்டு வாரத்தில் வேறு ஒரு பேரில் அவருடைய இன்னொரு கோலம் கிளம்பிற்று. மறுபடியும் இடது கை. மறுபடியும் மனு.

தைப் பொங்கலுக்கு முதல் நாள் அவர் வீட்டு வழியாகச் செல்ல நேர்ந்தது. வாசலில் பெரிய தேர்க்கோலம். மகன் செல்போனை உயரப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் ஓரத்தில் பெயர் போட்டால் வெட்டி எறிந்துவிடுகிறார்களே என்று முன்பு நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்த அம்மாள், இப்போது தேரின் நட்ட நடுவில், கோலமாவினாலேயே, தம் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"இதை வெட்டினால் தேரே போய்விடும் ஸார்!" என்றார்.

"புரட்டிப் போட்டால்?" என்று பையன் கேட்டான்.

"போடட்டுமே! என் பெயரைத் தலைகீழாகப் படித்துப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாவுக் கிண்ணத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு அவர் அடுத்த சக்கரத்தைப் போடத் தொடங்கினார்.